எஃப்.சி.க்குப் போகிற வண்டிக்கு விதிவிலக்கு உண்டா?

நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்), ஷெட்டில் நின்றுபோன பழைய மாருதி 800 ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, காலாவதியாகிவிட்டது. இன்சூரன்ஸ் கட்டாமல் விட்டுப்போயிற்று. பசுமை வரியும் பாக்கி. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியை ஊட்டிக்குக் கொண்டுபோய்ப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளரிடம், காட்ட வேண்டும்; பேச்சு வழக்கில் இதைத்தான் எஃப்.சி. என்கிறோம். ஆனால் ஆர்.சி. செல்லாத வண்டி ரோட்டில் இறங்கவே கூடாது. காட்டாமல் புதுப்பிக்க முடியாது; புதுப்பிக்காமல் காட்டப் போகவும் முடியாது.

இந்த முடிச்சுக்கு ஒர்க்‌ஷாப்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "எஃப்.சி.க்குப் போற வண்டின்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கண்ணா" என்பதுதான். பல நேரம் யாரும் கேட்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் வழியில் கேட்காமல் விடுவதற்கும், சட்டத்தில் விலக்கு இருப்பதற்கும் சம்பந்தமில்லை. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாயாக உயர்த்தியது. அதன் பிறகு, நிறுத்தி வைத்த பழைய கார்களை என்ன செய்வது என்ற பேச்சு மலையில் கூடியிருக்கிறது. இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்தக் காகிதம் எதற்கு?

"வண்டிக்குப் பேப்பர் கரண்டில் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அது ஒரு தவறு அல்ல. தனித்தனிச் சட்டப் பிரிவுகள், தனித்தனித் தண்டனைகள்.

1. பதிவு, அதாவது ஆர்.சி. சொந்தக் காருக்கு முதலில் 15 ஆண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 5 ஆண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 41-வது பிரிவு இதைச் சொல்கிறது.

2. தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. சட்டப்படி இது 56-வது பிரிவின் கீழ் மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு உரியது. 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். சொந்தக் காரின் ஆர்.சி. புதுப்பிப்பிலும் வண்டியைப் பரிசோதிப்பதால் அதையும் நாம் எஃப்.சி. என்றே சொல்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

3. வரி. இது மாநிலத்தின் விஷயம். 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம். இன்றைய சொந்தக் கார்களுக்கு ஆயுள் வரி வாங்கும்போதே கட்டியாகிவிடுகிறது. எனவே "வரி கட்டாத கார்" என்றால் அநேகமாக மூன்றில் ஒன்று: 15 ஆண்டு தாண்டியும் பசுமை வரி கட்டாதது, பக்கத்து மாநிலத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது, அல்லது காலாண்டு வரி நின்றுபோன வாடகை வண்டி.

4. இன்சூரன்ஸ். 146-வது பிரிவின்படி, மூன்றாம் நபருக்கான பாலிசி நடப்பில் இல்லாமல் பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்த யாரையும் அனுமதிக்கவும் கூடாது.

5. பொல்யூஷன் சான்று. பி.எஸ்.-4, பி.எஸ்.-6 என்ற புகைத் தரங்களில் வந்த வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தியவைக்கு ஆறு மாதம்.

பரிசோதனைக்குப் போகும் பயணத்துக்கு விலக்கு இருக்கிறதா?

சொந்தக் காரைப் பொறுத்தவரை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 52-வது விதி இதில் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஆர்.சி.யில் உள்ள காலம் முடிந்தால் அந்த வண்டி பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. புதுப்பிக்கும் வரை எந்தப் பொது இடத்திலும் பயன்படுத்தக் கூடாது. "பரிசோதனைக்குச் செல்வது தவிர" என்ற சொற்கள் அங்கே இல்லை.

பதிவில்லாத வண்டிக்குச் சட்டம் தரும் விலக்கு 192-வது பிரிவில் இருக்கிறது. நோயாளியையோ காயம்பட்டவரையோ அவசரமாகக் கொண்டுபோவது, இடர் நேரத்தில் உணவு, மருந்து எடுத்துச் செல்வது ஆகியவற்றுக்கு அந்தப் பிரிவின் தண்டனை பொருந்தாது. அதற்கும் ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். மனிதாபிமான விலக்கு என்பதால் அது இருக்க வேண்டியதுதான். எஃப்.சி. அந்தப் பட்டியலில் வராது.

எஸ்டேட்காரர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள்: பாதி வழி தோட்டத்துச் சொந்த ரோடுதானே? பதிவைக் கட்டாயமாக்கும் 39-வது பிரிவு "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. இன்சூரன்ஸ் பிரிவு பொது இடத்தை மட்டும் சொன்னாலும், தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் தினமும் நடக்கும் தோட்டத்துப் பாதையைச் சொந்த இடம் என்று வாதாடுவது கடினம். மக்கள் வந்துபோகும் இடத்தையெல்லாம் பொது இடமாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

"இன்ஸ்பெக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன், கொண்டுவரச் சொன்னார்" என்பதும் காப்பாற்றாது. வாய்ச்சொல் அனுமதி வழியில் நிறுத்தும் போலீஸைக் கட்டுப்படுத்தாது. இன்சூரன்ஸ் கம்பெனியையோ விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தையோ அது நிச்சயம் கட்டுப்படுத்தாது. வாடகை வண்டிக்கு அதிகாரி எழுத்தில் ஏதாவது அனுமதி தந்தாலும், அந்தத் தாளில் உள்ள நாளுக்கும் வழிக்கும் மட்டுமே அது செல்லும்.

அப்படியானால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

ஓரளவு வெளிநாட்டிலிருந்து. பிரிட்டனில் உண்மையாகவே இப்படி ஒரு சலுகை உண்டு. அங்கே மூன்று ஆண்டு ஆன கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற ஆண்டுப் பரிசோதனை கட்டாயம். முன்பதிவு செய்த நேரத்துக்கு அந்தப் பரிசோதனைக்காக மட்டும் காரை எடுத்துச் சென்றால், சாலை வரி கட்டியிருக்காவிட்டாலும் குற்றமில்லை. 1994-ஆம் ஆண்டின் வாகன வரிச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. முன்பதிவு இல்லாமல் "எம்.ஓ.டி.க்குப் போகிறேன்" என்று சொன்னால் செல்லாது.

அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லி, இங்கே நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். வரியை விட்டுக்கொடுக்கும் அதே பிரிட்டன் இன்சூரன்ஸை விட்டுக்கொடுக்கவில்லை. பரிசோதனைக்குப் போகும் காருக்கும் பாலிசி நடப்பில் இருந்தே ஆக வேண்டும். காரணம் எளிது. வரி பாக்கி என்றால் நஷ்டம் அரசாங்கத்துக்கு. அதை நாளைக்கு வசூலித்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரை இடித்தால் நஷ்டம் ரோட்டோரம் நடந்துபோன ஆளுக்கு. அவருடைய காலை நாளைக்குத் திருப்பித் தர முடியாது.

பிடிபட்டால் என்ன, இடித்தால் என்ன?

நாம் பொதுவாகப் பயப்படுவது பிடிபடுவதற்கு. அதை முதலில் முடித்துவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் சொல்லும் அளவுகள் இவை:

1. பதிவு செல்லாத வண்டி: முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. அடுத்த முறை 10,000 வரை, சிறையும் சாத்தியம். 207-வது பிரிவின்படி வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு.

2. இன்சூரன்ஸ் இல்லாதது: முதல் முறை 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 4,000.

3. பொல்யூஷன் விதிமீறல்: 10,000 ரூபாய் வரை. முதல் முறைக்குக் காகிதத்தில் உள்ள பெரிய தொகை இதுதான். பலர் கவனிக்காததும் இதுதான்.

இதெல்லாம் தாங்கக்கூடிய இழப்பு. இடித்தால் நடப்பது அப்படியல்ல. 164-வது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் வண்டி உரிமையாளரோ இன்சூரன்ஸ் கம்பெனியோ கொடுக்க வேண்டும். தவறை நிரூபித்து வழக்குப் போட்டால் தொகை இன்னும் ஏறும். இறந்தவர் சம்பாதிக்கும் வயதில் இருந்தால் பல மடங்கு. பாலிசி இல்லையென்றால் கம்பெனி என்ற பேச்சே இல்லை. வீடு, நிலம், தேயிலைத் தோட்டம் எல்லாம் அந்த வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விபத்தில் சிக்கிய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பிணைத்தொகை இல்லாமல் விடுவிக்கக் கூடாது, மூன்று மாதத்தில் பிணை வராவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்பதற்கான விதியைக் கொண்டுவர, 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பழைய மாருதி ஏலத்தில் என்ன விலை போகும்? பாதிக்கப்பட்டவருக்கு அது ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடக் காணாது.

சரி, பாலிசி இருக்கிறது, ஆர்.சி. மட்டும் காலாவதி என்றால்? இரண்டு விளைவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதம். பதிவு செல்லாத நேரத்தில் நடந்த விபத்துக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2014-ல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தற்காலிகப் பதிவு முடிந்த காரைத் திருட்டுக் கொடுத்தவருக்கும் 2021-ல் அதே பதில்தான் கிடைத்தது. பதிவு இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்பது நீதிமன்றத்தின் பார்வை.

இரண்டாவது, அடிபட்டவருக்கான இழப்பீடு. இங்கே பெரும்பாலும் "முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்" என்று தீர்ப்பாகிறது. கடைசியில் சுமை உங்கள் தலையில்தான். ஆனாலும் அடிபட்டவர் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எல்லாக் காகிதமும் போயிருந்தாலும் முதலில் இன்சூரன்ஸை எடுங்கள் என்று வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

மெக்கானிக்கிடமோ ஏஜென்டிடமோ சாவியைக் கொடுத்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். "அனுமதிப்பதும்" குற்றம் என்று 146-வது பிரிவு சொல்கிறது. பாலிசி இல்லை என்பது தெரியாமல் ஓட்டிய சம்பளக்கார டிரைவருக்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. உரிமையாளருக்குத் தரவில்லை.

நின்ற வண்டியும் மலை இறக்கமும்

சமவெளியில் நாலு கிலோமீட்டர் நேர்ரோட்டில் எஃப்.சி.க்குப் போவதும் இங்கே போவதும் ஒன்றல்ல. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தொட்டபெட்டா ஜங்ஷன் வரை ஏற்றம், அங்கிருந்து இறக்கம். குன்னூர்க்காரருக்குப் போகும்போது ஏற்றம், திரும்பும்போது முழுக்க இறக்கம்.

நின்ற வண்டியில் முதலில் கெடுவது பிரேக். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியை ஒரு மழைக்காலம் கழித்துத் தள்ளிப் பாருங்கள், பின்சக்கரம் அசையாது. லைனர் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அதைத் தட்டி விடுவித்துவிடலாம். வெளியே தெரியாதது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நீலகிரி போன்ற பனியும் மழையும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு மாற்றாத ஆயிலில் தண்ணீர் கணிசமாகக் கலந்திருக்கும். தண்ணீர் கலந்த ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இறக்கத்தில் பெடலை மிதித்துக்கொண்டே வரும்போது சூடு ஏறி, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் போல அழுத்தத்தைக் கடத்தாது. அதனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஷெட்டு வாசலில் மிதித்துப் பார்த்தபோது கெட்டியாக இருந்த அதே பிரேக்தான் இது.

பரிசோதனையில் பிரேக்கைப் பார்ப்பதே இதற்காகத்தான். பிரேக் சரியா என்று அறியப் போகும் பயணத்தைப் பிரேக் சரி என்று நம்பிக்கொண்டு போவதில் உள்ள ஆபத்தைச் சட்டப் பிரிவு எதுவும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

கயிறு கட்டி இழுத்துப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் அதைச் செய்யவே கூடாது. இழுக்கப்படும் வண்டியும் ரோட்டில் உருளும் வண்டிதான். பிரேக் பூஸ்டர் உள்ள காரில், எஞ்சின் ஓடாதபோது பூஸ்டரும் வேலை செய்யாது; பெடலை மிதிக்க மிக அதிகப் பலம் வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

1. ஆர்.சி. இன்னும் முடியவில்லையா? அப்படியானால் இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல் உங்களுக்கு இல்லை. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். பதிவு நடப்பில் இருக்கும்போதே, இன்சூரன்ஸோடு, முறைப்படி ஓட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம்.

2. முடிந்துவிட்டதென்றால் முதல் செலவு இன்சூரன்ஸ். 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897; 2022 ஜூனில் அறிவித்த விகிதங்கள் இவை. ஜி.எஸ்.டி. தனி. மாருதி 800-க்கு வரியோடு ஏறக்குறைய 2,470 ரூபாய். ஆன்லைனில் எடுக்க முடியாவிட்டால் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய், ஆர்.சி. முடிந்த விஷயத்தை மறைக்காமல் சொல்லி எடுங்கள். பொல்யூஷன் சான்று இல்லாமல் மூன்றாம் நபர் பாலிசி கிடைக்காது என்ற 2017-ஆம் ஆண்டு நிபந்தனையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

3. பாலிசி கைக்கு வந்ததும் அது தொடங்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். "நள்ளிரவு முதல்" என்று இருந்தால் இன்று மாலை நடப்பதற்கு அது பொறுப்பாகாது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்கும் காரில் கூடவே ஆளையும் ஏற்றாதீர்கள்; உள்ளே இருப்பவருக்கு அது பொதுவாகப் பாதுகாப்புத் தராது.

4. பசுமை வரியும் நிலுவையில் உள்ள அபராதச் சலான்களும் அடுத்து. இவை பாக்கி இருந்தால் விண்ணப்பம் நகராது. புதுப்பிப்புக் கட்டணம் 15 ஆண்டு தாண்டிய காருக்கு 5,000, 20 தாண்டினால் 10,000. தாமதத்துக்கு மாதம் 500. ஒன்றரை ஆண்டு விட்டிருந்தால் 9,000. காரின் சந்தை விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்வது நல்லது.

5. உள்ளூர் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துப் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர், டயர், வைப்பர், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன் எல்லாவற்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். சேஸிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் சுத்தம் செய்து, பென்சில் பிரிண்ட் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

6. நாள் குறித்த பிறகு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். சக்கரம் நான்கும் மேலே இருக்கும்போது அது ஓடும் வண்டி அல்ல, ஏற்றிய சுமை. பொல்யூஷன் சான்றுக்கும் அதே நடையில் இறக்கிக் காட்டிவிடலாம். வாடகை சில ஆயிரம் ஆகும். அந்தக் காசுக்குத்தான் பலர் தயங்குகிறார்கள். மேலே சொன்ன 5 லட்சத்தை நினைத்துப் பார்த்தால், மொத்தச் செலவில் நியாயமான செலவு இதுதான்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கூடலூரிலேயே ஆர்.டி.ஓ. பகுதி அலுவலகம் இருக்கிறது, டி.என். 43 இசட் என்ற எண் அதனுடையது. ஊட்டி வரை ஏற வேண்டியதில்லை.

எல்லையோரத்துக் கார்கள்

கூடலூர்ப் பக்கம் கே.எல்., கே.ஏ. எண் கார்கள் நிறைய. வயநாட்டில் வாங்கிய கார் நாடுகாணி தாண்டி வந்து இங்கேயே தங்கிவிடும். 47-வது பிரிவின்படி, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபமின்மைச் சான்று, பிறகு இங்கே வரி, பரிசோதனை, எண். ஆர்.சி. காலம் முடியாத கார் என்றால் இந்தப் பரிசோதனைக்கு ஓட்டிக்கொண்டே போகலாம். பாலிசி மட்டும் நடப்பில் இருக்க வேண்டும். நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்தது. இ-பாஸ் இருப்பதாலோ, டி.என். 43 எண் என்பதால் இ-பாஸ் தேவையில்லை என்பதாலோ வண்டியின் மற்ற காகிதங்கள் சரியாகிவிடாது.

பரிசோதனையில் தேறாவிட்டால்?

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. இன்ஸ்பெக்டர் ஹெட்லைட்டையோ ஹேண்ட் பிரேக்கையோ குறை சொல்லித் திருப்பி அனுப்பினால், வண்டி வந்தபோது இருந்த நிலையில்தான் இருக்கும்: பதிவு செல்லாது, ஓட்டக் கூடாது. இப்போது அதில் குறை இருப்பது எழுத்திலும் பதிவாகிவிட்டது. அதை ஓட்டித் திரும்பும் வழியில் ஏதாவது நடந்தால், குறை தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. அதனால் ரெக்கவரி வண்டிக்காரரிடம் இரு வழிக்கும் பேசி, முடிவு தெரியும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அல்லது அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்கூட்டியே சொல்லிவைத்து, அங்கே இறக்கிச் சரிசெய்து, மறுபரிசோதனை முடிந்து ஆர்.சி. புதுப்பித்தது அரசின் பரிவாகன் இணையதளத்தில் தெரிந்த பிறகு வண்டியை எடுத்து வாருங்கள்.